அகரவரிசை தேடுவதற்கு, படிப்பதற்கு வேறு வரிசை வேண்டும்

தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால் அவிநாசியை ஒட்டியே அவிநாசிபாளையம் வந்து நிற்கும். நிலத்தில் அப்படி இல்லை. அவிநாசி திருப்பூருக்கு வடமேற்கே, கோவை–சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அவிநாசிபாளையம் திருப்பூருக்குத் தென்கிழக்கே, கோவை–திருச்சி சாலையில், பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 381 ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம்; நடுவில் திருப்பூர் நகரம் முழுவதும் கிடக்கிறது. பட்டியலை நம்பி இவை பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்று நினைத்தவருக்கு, பேருந்தில் ஒருமுறை போய்வந்தால் உண்மை தெரிந்துவிடும். ஆங்கிலச் சொற்களை அகரவரிசைப் புத்தகத்தில் படிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்தில் இருப்பதால் இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஏதோ உறவு என்று எண்ணிக்கொள்கிறார், அல்லது இரண்டையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்கிறார். பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் சொற்பட்டியல் புத்தகங்களும், பயிற்சி மையங்கள் நகலெடுத்துக் கொடுக்கும் தாள்களும் ஏ-யில் தொடங்கி இசட்டில் முடிவதைப் பார்க்கிறோம். அகரவரிசை, தெரிந்த சொல்லைத் தேடி எடுக்க உண்டான ஏற்பாடு. தெரியாத சொல்லைக் கற்றுக்கொள்ள அது உதவாது. பல நேரம் கெடுக்கவும் செய்யும்.

திருப்பூர் வட்டாரத்தில் இது வெறும் பள்ளிக்கூடப் பிரச்சினை அல்ல. அண்மை ஆண்டுகளில் இங்கிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையின் மதிப்பு ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். வாங்கும் நிறுவனமான பையர் அனுப்பும் டெக் பேக் என்ற ஆடை விவரக் குறிப்பு ஆங்கிலத்தில் வருகிறது; அதைப் படித்து, தையல் தளத்தில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டியவர் மெர்ச்சண்டைசர். அவருக்குக் கீழே சூப்பர்வைசர், கட்டிங் மாஸ்டர், டெய்லர், செக்கிங், கைமடி என்று ஆட்கள். இவர்கள் எல்லோரும் நாள் முழுக்க ஆங்கிலச் சொற்களைத்தான் புழங்குகிறார்கள். ஓவர்லாக், பேட்லாக், காம்பாக்டிங், பீஸ் ரேட், பவர் டேபிள், சிப்ட் ஆகிய எதற்கும் யாரும் அகராதி பார்த்ததில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தமிழ் தெரியாமலே இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்கிறார்கள். பக்கத்துப் பல்லடத்து விசைத்தறிக்காரருக்கு ஆங்கிலச் சொல்லின் தேவையே வரவில்லை. பாவு, ஊடை, நூல், சாயம் என்று தறியோடு பிறந்த தமிழ்ச் சொற்கள் அவரிடம் இருந்தன. பின்னலாடை எந்திரத்தோடு வந்த தொழில். எந்திரத்தோடு பெயரும் வந்துவிட்டது. கேட்டுப் பழகிய சொற்கள் நன்றாகத்தான் பதிந்தன. அதே ஆளை உட்காரவைத்து ஏ, பி, சி வரிசையில் ஆங்கிலம் கற்பிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஆங்கில அகராதி ஒன்றில் ‘கார்ட்’ என்று தொடங்கும் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே இறங்கிப் பார்ப்போம். முதலில் வருவது ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டு என்று எல்லோருக்கும் தெரிந்த அட்டை. தாளைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அடுத்து, அதே எழுத்துகளோடு, இன்னொரு ‘கார்ட்’. இது பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கருவி. நூற்பாலையில் ஓடும் கார்டிங் எந்திரமும், பனியனுக்கு வாங்கும் ‘கார்டட்’ நூலும் இதிலிருந்து வந்தவை. முட்செடியைக் குறித்த லத்தீன் சொல்லோடு இதற்குத் தொடர்பு உண்டே தவிர, அட்டையோடு எந்த ஒட்டும் இல்லை. அதற்குக் கீழே ‘கார்டமம்’ என்றால் ஏலக்காய். பிறகு ‘கார்டியாக்’, இதயம் சார்ந்தது, கிரேக்கத்திலிருந்து வந்தது. பிறகு ‘கார்டிகன்’, முன்பக்கம் பொத்தான் வைத்த பின்னல் மேலாடை. அப்புறம் ‘கார்டினல்’, கதவின் கீலைக் குறித்த லத்தீன் சொல்லில் பிறந்து, முக்கியமானது என்றும் போப்பாண்டவருக்கு அடுத்த நிலையிலுள்ள திருச்சபைத் தலைவர் என்றும் பொருள் கொண்டது. ஒரே பத்தியில் அட்டை, பஞ்சு, ஏலக்காய், இதயம், சட்டை, குருமார். இந்த ஆறில் திருப்பூர்க்காரருக்கு வேலைக்கு ஆவது பஞ்சு ‘கார்ட்’டும் கார்டிகனும் மட்டுமே. அவை இரண்டுக்கும்கூட உறவு கிடையாது.

உண்மையான உறவு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கார்டிகன் என்பது வேல்ஸ் நாட்டு ஊர். அந்தப் பெயரைப் பட்டமாகக் கொண்ட ஏழாவது கார்டிகன் பிரபு 1854-இல் கிரிமியப் போரில் குதிரைப் படை ஒன்றை ஓட்டிக்கொண்டு போய் ரஷ்யப் பீரங்கிகள்மேல் மோதினார். அவர் பெயரைத்தான் அந்த மேலாடை தாங்கியிருக்கிறது. அந்தச் சண்டை நடந்த இடம் பலக்லாவா. முகத்தை மூடிக் கண்ணை மட்டும் காட்டும், நாம் மங்கி குல்லா என்று சொல்லும் பின்னல் தொப்பிக்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர். அதே போரில் ஆங்கிலேயப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர் ரேக்லன் பிரபு. கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இணைத்துத் தைக்கிற ‘ரேக்லன் ஸ்லீவ்’ திருப்பூரில் தினமும் தைக்கப்படுகிறது. ஒரே போர், ஒரே ஆண்டுகள், மூன்று உடுப்புகள். அகராதியில் ஒன்று பி-யிலும் ஒன்று சி-யிலும் ஒன்று ஆர்-இலும் கிடக்கிறது. சொந்தக்காரர்களை நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளிக் குடிவைத்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களைப் பக்கத்து வீட்டில் உட்காரவைப்பதுதான் அகரவரிசையின் குணம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அதன் வேலையே அதுதான். அந்த வரிசையில் பாடம் நடத்துவதுதான் தப்பு.

சாயத் தொழிலுக்கு வருவோம். ‘டை’ என்றால் சாயம். டி, ஒய், இ என்று எழுத வேண்டும். சாயமேற்றுவதைச் சொல்லும் ‘டையிங்’ என்ற சொல்லில் அந்த இ அப்படியே நிற்கும். அந்த ஓர் எழுத்து விழுந்தால் ‘சாகிற’ என்று அர்த்தம் மாறிவிடும். காதுக்கு இரண்டும் ஒன்றே. அகராதியிலும் ஏறக்குறைய அடுத்தடுத்த வரிகள். விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அந்த இ விழுந்தால் ஆங்கிலம் தெரிந்தவர் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் ஆங்கிலேயர்களே இதில் ஒரு காலத்தில் தடுமாறியவர்கள். 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி சாயத்துக்கும் சாவுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலைக் கொடுத்தது. இரண்டும் வேர் வேறான சொற்கள். எழுத்தைப் பிரித்து வைத்தது பின்னால் நிலைத்த வழக்கம். (நொய்யலில் சாயக்கழிவு ஓடிய ஆண்டுகளையும், ஒரத்துப்பாளையம் அணையின் கதியையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் நினைவில் வைத்திருப்பவர்கள் ஜான்சனின் பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்லக்கூடும்.) அகராதியின் அதே பத்தியில் ‘டைடு இன் த வுல்’ என்ற தொடரும் கிடைக்கும்: கம்பளியாக இருக்கும்போதே சாயமேற்றியது என்று நேர்ப்பொருள், ஊறிப்போன, மாற்ற முடியாத என்று வழக்குப்பொருள். மெலாஞ்ச் நூலைக் கையாளுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பஞ்சு நிலையில் சாயமேற்றிய இழையை வெள்ளைப் பஞ்சோடு கலந்து நூற்பதால்தான் அந்தச் சாம்பல் நிறம் துணி முழுக்க ஊறி நிற்கிறது. தொழில் தெரிந்தவருக்கு ஆங்கில வழக்கு தானாகத் திறந்துகொள்ளும் இடம் இது. அகரவரிசைப் பட்டியலோ அதை விட்டுவிட்டு, சாவுக்கும் சாயத்துக்கும் முடிச்சுப் போடுகிறது.

இப்படி இன்னும் பல. ‘ஹெம்’ துணியின் ஓர மடிப்பு. ஒரு எழுத்து கூடினால் ‘ஹெம்ப்’, கஞ்சா இனத்துச் செடியின் நார், அதுவும் இப்போது பின்னல் துணிக்கு வருகிறது. ‘ரிப்’ காலருக்கும் கைமுடிப்புக்கும் போடும் வரிப்பின்னல், பக்கத்திலேயே ‘ரிப்பன்’. ‘யோக்’ சட்டையின் தோள்பட்டைத் துண்டு. ஓரிரு சொற்கள் தள்ளி ஒய், ஓ, எல், கே என்று எழுதி ஏறக்குறைய அப்படியே ஒலிக்கும் முட்டையின் மஞ்சள் கரு. இதில் நின்று பார்க்க வேண்டியது யோக். மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தடிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இரண்டு தோளிலும் குறுக்கே படிந்து சட்டையின் மற்றப் பாகங்களைத் தாங்குவதால் அந்தத் துண்டுக்கு நுகத்தின் பெயர் வந்தது. காங்கேயம் காளையை வண்டியில் பூட்டிப் பார்த்த ஊர்க்காரருக்கு இதைச் சொன்னால் ஒரே தடவையில் பதியும். மஞ்சள் கருவோ மஞ்சள் நிறத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லின் உறவினர். நுகத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பொருளின் தொடர்பு ஒரு சொல்லுக்குள்ளேயே, அதன் பல பயன்பாடுகளுக்கு இடையில் ஓடுகிறது. அடுத்த வரியில் உள்ள சொல்லோடு ஓடுவதில்லை.

உடனே ஒரு மறுப்பு வரும்: பக்கத்துச் சொற்கள் சில நேரம் உறவுக்காரர்களாகவும் இருக்கின்றனவே? இருக்கின்றன. ‘நிட்’, ‘நிட்டர்’, ‘நிட்டிங்’, ‘நிட்வேர்’ ஒரே குடும்பம், ஒரே இடத்தில் நிற்கிறது. ஒன்றைக் கற்றவர் மற்ற மூன்றையும் இலவசமாகப் பெறுகிறார். ‘கம்பேனியன்’, ‘கம்பெனி’ என்பவையும் அடுத்தடுத்து வருபவை, உண்மையிலேயே உடன்பிறப்புகள்: சேர்ந்து ரொட்டி உண்பவர் என்ற பழைய லத்தீன் பொருளிலிருந்து தோழனும் வந்தார், வியாபாரக் கூட்டும் வந்தது. ஆனால் அவற்றுக்குச் சற்று மேலே நிற்கும் ‘காம்பாக்ட்’ வேறு வீட்டுப் பிள்ளை. பி பக்கத்தில் ‘பண்டானா’, ‘பேங்கிள்’, ‘பனியன்’ மூன்றும் சில பக்கங்களுக்குள் வருகின்றன. மூன்றும் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. கைக்குட்டையாகும் பண்டானா துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றும் வட இந்திய முறையின் பெயரிலிருந்தும், பேங்கிள் இந்தி வளையல் பெயரிலிருந்தும் வந்தன. பனியன் என்பது குஜராத்தி வணிகரைக் குறித்த சொல், போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. பாரசீக வளைகுடாக் கரையில் அந்த வணிகர்கள் கூடியிருந்த ஓர் ஆலமரத்தை வைத்து ஆலமரத்துக்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஏற்பட்டது, வணிகர் போட்ட தளர்ந்த மேலங்கியின் சாயலில் ஐரோப்பியர் வீட்டில் அணிந்த அங்கிக்கும் அதே பெயர், பிறகு உள்சட்டைக்கு, கடைசியில் டி-சர்ட் மட்டுமே தைக்கும் தொழிற்சாலையும் ‘பனியன் கம்பெனி’ ஆகிவிட்டது. அழகான கதைதான். ஆனால் மூன்றும் பக்கத்தில் வந்தது தற்செயல். ஒரே நாட்டிலிருந்து போன காலிகோ சி-யிலும், டங்கரி டி-யிலும், பைஜாமா ஓ-வுக்கு அடுத்து வரும் பி-யின் கடைசியிலும் இருக்கின்றன.

ஆகவே உறவைக் காட்டுவது இடம் அல்ல. அப்படியானால் எதைப் பார்ப்பது? அகராதியே ஒரு குறி வைத்திருக்கிறது, பள்ளிகளில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரே எழுத்தில் அமைந்த சொல் தலைச்சொல்லாக இரண்டு முறை வந்து, ஒவ்வொன்றுக்கும் தலையில் 1, 2 என்று சிறிய எண் இருந்தால், நல்ல ஆங்கில அகராதிகளில் பெரும்பாலும் அவை வெவ்வேறு பிறப்பு. ஒரே தலைச்சொல்லின் கீழ் 1, 2, 3 என்று பொருள்கள் வரிசையாக வந்தால் அவை ஒரே பிறப்பின் கிளைகள். மேலே பார்த்த ‘கார்ட்’ முதல் வகை, ‘யோக்’ இரண்டாம் வகை. ‘கேஷ்’ என்ற சொல்லைப் பாருங்கள். பெரிய அகராதிகளில் அதற்கு இரண்டு தலைச்சொல் உண்டு. கையில் இருக்கும் ரொக்கம் என்பது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. சிறு நாணயம் என்ற பொருளில் வரும் இன்னொரு ‘கேஷ்’ நம்முடைய காசு, போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. பொருள் நெருங்கியிருக்கிறது, எழுத்து ஒன்றாகவே இருக்கிறது, இருந்தும் சொந்தம் இல்லை. எண்ணைப் பார்க்கத் தெரிந்தவர் இதில் ஏமாற மாட்டார்.

அகரவரிசை இல்லாத காலத்தில் தமிழர் எப்படிச் சொல் கற்றார்கள் என்ற கேள்வியும் எழும். நிகண்டுகள் பொருள்வழி அடுக்கப்பட்டவை. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று தொகுதி தொகுதியாகப் போகின்றன. மாணவர் பாட்டாக மனப்பாடம் செய்தார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் தொகுதியைச் சூடாமணி இரண்டாம் எழுத்தின் எதுகைப்படி அடுக்கியது, நினைவுக்கு அது வசதி. முதலெழுத்து வரிசையை 1594-இல் புலியூர்ச் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டில் கொண்டுவந்தார். 1732-இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதி அதை நிலைநாட்டியது. ஆனால் அவர் அந்த நூலை நான்கு பகுதியாகச் செய்ததைக் கவனிக்க வேண்டும்: சொல்லுக்குப் பொருள் தரும் பெயரகராதி, பொருளுக்குப் பெயர்கள் தரும் பொருளகராதி, முக்கனி போன்ற தொகைகளுக்குத் தொகையகராதி, எதுகைக்குத் தொடையகராதி. அகரவரிசையைப் பரப்பியவரே ஒரே ஒரு வாசல் போதும் என்று நினைக்கவில்லை. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1604-இல் ஏறத்தாழ 2,500 சொற்களோடு ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கிலச் சொல்லகராதியில், ஏ-யில் தொடங்கும் சொல்லை முன்பக்கம் தேடு, வி-யில் தொடங்குவதைக் கடைசிப் பக்கம் தேடு என்று வாசகருக்கு முன்னுரையில் சொல்லித்தர வேண்டியிருந்தது. அகரவரிசை யாருக்கும் இயல்பாக வருவதில்லை என்பதற்கு அந்த முன்னுரையே சாட்சி.

அப்படியானால் நிகண்டு முறைக்குத் திரும்பிவிடலாமா? சட்டை, பேன்ட், ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் ஒரு பக்கம், நிறங்கள் எல்லாம் ஒரு பக்கம் என்று? பல பாடப்புத்தகங்கள் செய்வது இதுதான், பார்க்கச் சரியாகவும் தோன்றும். ஆனால் இங்கே ஒரு நல்ல தடை இருக்கிறது. 1990-களில் தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர், செயற்கையாக உண்டாக்கிய சொற்களுக்குப் பொருள் கொடுத்து மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார். சட்டை, ஜாக்கெட், ஸ்வெட்டர் என்று ஒரே இனத்துப் பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தபோது, மழை, கார், தவளை என்று சம்பந்தமில்லாதவற்றைக் கொடுத்தபோது ஆனதைவிடக் கற்றல் தாமதப்பட்டது. ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து குறுக்கிட்டது. ஜப்பானிய மாணவர்களிடம் ராப் வாரிங் செய்த சோதனையும் அதையே காட்டியது. பிறகு டிங்கம் இன்னொரு வகையையும் சோதித்தார்: தவளை, குளம், தாவு, பச்சை என்று ஒரே காட்சியைச் சேர்ந்த, ஆனால் இனம் வேறான சொற்கள். அவை எளிதாகப் பதிந்தன. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டியா லாஃபர், தோற்றத்திலும் ஒலியிலும் நெருங்கிய சொற்கள் அயல்மொழி மாணவரை எப்படித் தடுக்கிவிடுகின்றன என்பதையே தனியாக வகைப்படுத்தி ஆராய்ந்தவர். இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு தெளிவு. எழுத்தில் நெருங்கியவற்றைச் சேர்த்துப் படிப்பது கெடுதல். இனத்தில் நெருங்கியவற்றைச் சேர்த்துப் படிப்பதும் அவ்வளவு நல்லதல்ல. ஒரு செயலின் ஓட்டத்தில் கூடவே வருகிறவற்றைச் சேர்த்துப் படிப்பதுதான் நல்லது. ஓவர்லாக்கும் பீஸ் ரேட்டும் அகராதி இல்லாமல் ஏறியதன் காரணம் இப்போது விளங்கும்.

இன்னொரு மறுப்பு இக்காலத்துக்கு உரியது. போனில் தட்டினால் சொல் வந்துவிடுகிறது, வரிசையைப் பற்றி ஏன் கவலை என்பார்கள். உண்மையில் போன்தான் அகரவரிசையின் பக்கத்து வீட்டுக்காரர்களை இன்னும் நெருக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறது. டி, ஒய் என்று இரண்டு எழுத்து தட்டியதும் அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். அவசரத்தில் விரல் எதில் படுகிறதோ அது ஈமெயிலில் போகும். எழுத்துப்பிழை திருத்தியும் கைகொடுக்காது, ஏனென்றால் தப்பான சொல்லும் ஆங்கிலத்தில் சரியான சொல்தான். மொழிபெயர்ப்புச் செயலிக்குத் தட்டிய சொல்தான் தெரியும், நினைத்த சொல் தெரியாது. அதைவிடப் பெரிய தடை காது. தமிழர் ‘நிட்டிங்’ என்று கேட்கிறார், என் எழுத்தில் தேடுகிறார், அங்கே அது இல்லை. ஒலிக்காத கே ஒன்று முன்னால் நிற்கிறது. மடித்துச் சுற்றும் ‘ராப்’பை ஆர்-இல் தேடினால் கிடைக்காது, டபிள்யூவில் இருக்கிறது. தடித்த நூலைச் சொல்லும் ‘கோர்ஸ்’ கவுண்டும், பின்னல் துணியில் குறுக்கே ஓடும் கண்ணி வரிசையான ‘கோர்ஸ்’ஸும் காதுக்கு ஒன்று, எழுத்து வேறு, பக்கம் வேறு. காலரும் கலரும் தமிழ் வாயில் பிரிந்தே நிற்கின்றன, ஆங்கில எழுத்தில்தான் நெருங்கி வருகின்றன. அதாவது தமிழ்க் காதின் அண்டை வீடுகள் வேறு, ஆங்கில அகரவரிசையின் அண்டை வீடுகள் வேறு. எழுத்துக்கூட்டல் தெரிந்தவருக்கு மட்டுமே கதவு திறக்கும் ஒரு வரிசையை, எழுத்துக்கூட்டல் தெரியாதவருக்குப் பாடமாக வைக்கிறோம்.

தமிழிலும் அரிசி, அரிதாரம், அரிவாள் எல்லாம் அகராதியில் ஒரே பகுதியில்தானே இருக்கின்றன, நாம் குழம்பினோமா என்று கேட்கலாம். குழம்பவில்லை, ஏனென்றால் அவற்றை அகராதியில் கற்கவில்லை. அரிசி அடுப்படியில் வந்தது, அரிவாள் காட்டில் வந்தது, அரிதாரம் கூத்துக் கொட்டகையில் வந்தது. பின்னலாடைத் தொழிலின் ஆங்கிலத்துக்கும் அப்படிப்பட்ட இடங்கள் தயாராகவே இருக்கின்றன. நூல் கோனிலிருந்து தொடங்கலாம்: கவுண்ட், கார்டட், கோம்டு. கோம்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் மென்மையும் விலையும் கூடுகின்றன. இந்த ஒரு விளக்கத்தில் மூன்று சொல் உட்கார்ந்துவிடும். அடுத்து நிட்டிங் எந்திரம்: கேஜ், கண்ணியாகிய லூப், குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை, துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம். பிறகு சாயப்பட்டறை: பிளீச்சிங், டையிங், ஷேடு, லாட். பிறகு காம்பாக்டிங்கும் சுருக்கமும். கட்டிங் மேசையில் பட்டர்ன், யோக், ஸ்லீவ், காலர். தையலில் ஹெம், பிளாக்கெட், காஜா. இந்தக் காஜா ஆங்கிலமே இல்லை. போர்ச்சுக்கீசிய மொழியில் வீட்டுக்கும் பொத்தான் துளைக்கும் ‘காஸா’ என்ற ஒரே சொல். அது இந்தியா வந்து திருப்பூர் டெய்லர் வாய்வரை இறங்கியிருக்கிறது. டெக் பேக்கில் ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கும் என்று அந்த இடத்தில் சொல்லிக்கொடுத்தால் போதும். கடைசியில் செக்கிங், அயர்ன், பேக்கிங், ஷிப்மெண்ட். சொல்லுக்குச் சொல் நடுவே வேலை நிற்பதால் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறி விழாது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. வேலை வரிசையில் அமைந்த புத்தகத்தில் ஒரு சொல்லை அவசரமாகத் தேட முடியாது. அதற்குத்தான் பின்னிணைப்பு. அங்கே அகரவரிசை தாராளமாக இருக்கட்டும், ஆனால் தமிழ் ஒலிப்படி. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற பெரிய அகராதிகளின் இடம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு அவை வேண்டும். தேர்வு எழுதும் பள்ளி மாணவருக்கும் எழுத்துக்கூட்டல் முக்கியம், அதை மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்று அவிநாசிபாளையத்திலிருந்து தினம் கம்பெனி வேனில் ஏறும் ஒரு பெண், டெய்லர் நிலையிலிருந்து சூப்பர்வைசராகவும், அங்கிருந்து டெக் பேக் படிக்கும் மேசைக்கும் போக வேண்டுமானால், அவருக்கு ஏலக்காயும் கார்டினலும் இப்போது வேண்டாம். திருப்பூரில் பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது, ஏற்றுமதியாளர் சங்கம் 1990 முதல் இருக்கிறது, பயிற்சி தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. இவர்கள் கூடி, நூல் கோனில் தொடங்கி அட்டைப்பெட்டியில் முடியும் சொல் புத்தகம் ஒன்றை, பக்கத்துக்குப் பக்கம் படத்தோடு, டெக் பேக்கில் உள்ள எழுத்துக்கூட்டலோடு போட வேண்டும். சாயத்துக்கு உரிய ‘டையிங்’கில் நடுவே உள்ள இ-யைச் சிவப்பு மையில் அச்சிடுங்கள், பின்னிணைப்பில் நிட்டிங்கை ‘ந’ வரிசையில் போடுங்கள்.